ஒம்பதாவது லாயர்

இல்லண்ணே, இங்க அது ஓசி கிடையாது. மத்த எட்டு லாயர் ஆஃபீஸ்லயும் முதல் அரை மணி நேரம் பேசறது ஓசி, இங்க மட்டும் உள்ள நுழையறதுக்கே கட்டணும். வாசல்ல உக்காந்திருக்கற அந்தப் பொண்ணு ரசீது குடுத்துச்சுல்ல, அதைப் பத்திரமா வச்சுக்கங்க. நீங்க இவங்களையே லாயரா வச்சுக்கிட்டா மொத்த ஃபீஸ்ல அதைக் கழிச்சுக்குவாங்க. ஆனா நாமளா கேக்கணும். கேக்காம விட்டா அவங்களா ஞாபகப்படுத்த மாட்டாங்க.

விசாரிச்சு வச்சிருக்கேண்ணே. ஊர்ல கம்பெனி விவகாரம் பாக்கற லாயர் ஆஃபீஸ் மொத்தமே ஒம்பதுதான். யார் எவ்வளவு வாங்கறாங்க, எதுக்கு வாங்கறாங்க, எல்லாம் எனக்கு மனப்பாடம். சிரிக்காதீங்க. ஒரு மூட்டை சோப்புத்தூள் வாங்கறதுன்னாலே மூணு கடையில விலை கேட்டுட்டு வாங்கற ஆளு நான்.

கொஞ்சம் இப்படித் தள்ளி உக்காருங்க. எனக்குக் குரலே இவ்வளவுதான். நம்ம லாண்டரியில மெஷின் ஓடறப்போ தொண்டை கிழியக் கத்தினாலும் கேக்காது. கையை ஆட்டி ஆட்டியே பேசிப் பழகிட்டேன், வெளிய வந்தா வாய் திறக்க மாட்டேங்குது. இன்னைக்கு என்னமோ திறந்திருச்சு. பயத்துல பேசறேன்னு நினைக்கறேன். உள்ள என் பேரைத் தேடிட்டு இருக்காங்க.

பேர்தாண்ணே. புதுசா யாரு வந்தாலும் அவங்க பேரு தங்களோட பழைய ஃபைல்ல எங்கயாவது இருக்கான்னு பாப்பாங்க. இல்லன்னா உள்ள கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுவாங்க. இருந்துச்சுன்னா, எடுக்க முடியாதும்மான்னு ஒரே வார்த்தை. ஏன், எதுக்குன்னு கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டாங்க. உங்களுக்கு அந்தப் பயமெல்லாம் வேணாம். நீங்க புதுசா ஏதோ ஆரம்பிக்கத்தானே வந்திருக்கீங்க?

டயர் கடையா. நல்ல தொழில்ணே. மச்சானும் நீங்களும் சேந்தா? அவரு எங்க? வண்டி நிறுத்தப் போயிருக்காரா. இந்தத் தெருவுல நிறுத்த எடம் தேடறதுக்குள்ள ஒரு டயர் தேஞ்சிரும். வரட்டும், வரட்டும்.

அதுக்குள்ள ஒண்ணு சொல்றேன். உள்ள போனதும் முதல்ல கேளுங்க, காசை எப்படி வாங்குவீங்கன்னு. மூணு தினுசா வாங்கறாங்க. பத்திரம் எழுதறது, கம்பெனி பதியறது, இந்த மாதிரி இவ்வளவுதான் வேலைன்னு தெரிஞ்ச வேலைக்கு மொத்தமா ஒரு தொகை. அது நல்லது, நிம்மதியாத் தூங்கலாம். இன்னொண்ணு மாசாமாசம் ஒரு தொகை, எப்ப வேணா கூப்பிட்டுக் கேக்கலாம். அது பெரிய கம்பெனிகளுக்கு. மூணாவது மணிக்கணக்கு. அதுலதான் ஜாக்கிரதையா இருக்கணும்.

மணிக்கணக்குன்னா முழு மணியாப் பாக்க மாட்டாங்க. ஆறு ஆறு நிமிஷமா வெட்டி வச்சிருக்காங்க. நீங்க போன் போட்டு ரெண்டே நிமிஷம் பேசினாலும் ஆறு நிமிஷம்தான். ஏழாவது நிமிஷத்தைத் தொட்டுட்டீங்கன்னா பன்னெண்டு. உங்க பக்கம் மழையான்னு அவரே கேப்பாரு, நீங்களும் ஆமாங்க நல்ல மழைன்னு சொல்லுவீங்க, அந்த மழையும் உங்க கணக்குலதான் பெய்யும். அதனால போன் பண்றதுக்கு முன்னாடி தாள்ல எழுதி வச்சுக்கிட்டுப் பண்ணுங்க. சௌக்கியமான்னு கேக்காதீங்க.

நான் எதையுமே பெட்ஷீட்லதான் கணக்குப் போடுவேண்ணே. ஒரு நடுத்தரமான லாயரோட ஆறு நிமிஷம் எங்களுக்கு நாப்பது பெட்ஷீட். சேகரிச்சு, பிரிச்சு, துவைச்சு, காய வச்சு, இஸ்திரி ரோலர்ல விட்டு, மடிச்சு, திரும்பக் கொண்டுபோய்க் குடுத்தா நாப்பது. இங்க உள்ள இருக்கற அம்மாவுக்கு அறுபது. அறுபது பெட்ஷீட்டை ஆறு நிமிஷத்துல யாரு மடிப்பா சொல்லுங்க.

அப்புறம், வேலையை நீங்களே பாப்பீங்களா, உங்க ஜூனியர்கிட்டத் தள்ளுவீங்களான்னும் கேளுங்க. ஜூனியருக்கு ரேட்டு கம்மி. ஆனா ஜூனியர் ரெண்டு மணி நேரம் புஸ்தகம் புரட்டறதை இவங்க பத்து நிமிஷத்துல சொல்லிருவாங்க. அப்போ எது மலிவுன்னு நீங்களே பாத்துக்கங்க. எல்லாத்தையும் ஒரு லெட்டரா எழுதித் தருவாங்க, என்னென்ன வேலை, என்னென்ன ஃபீஸுன்னு. அதுல கையெழுத்துப் போடாம ஒரு தாளைக்கூட அவங்க கையில குடுக்காதீங்க.

ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே லாயரா? வச்சுக்கலாம், தப்பில்ல. ஆனா அவரு உங்களுக்கும் லாயர் இல்ல, உங்க மச்சானுக்கும் லாயர் இல்லண்ணே. கடைக்கு லாயர். நாளைக்கு உங்க ரெண்டு பேருக்குள்ள ஒண்ணுன்னா அவரு இந்தப் பக்கமும் பேச முடியாது, அந்தப் பக்கமும் பேச முடியாது. நீங்க யாருக்கு லாயருங்கன்னு நேராவே கேட்டுருங்க. கோவிச்சுக்க மாட்டாங்க.

சண்டையே வராதா. சரிண்ணே. வரும்னு நான் எங்க சொன்னேன்? எங்களுக்குள்ளயும் சண்டை வரல. இந்த நிமிஷம் வரைக்கும் ஒரு வார்த்தை தடிச்சுப் பேசினதில்ல. இன்னைக்குக் காலையிலகூட என்னை இந்தத் தெருமுனை வரைக்கும் வேன்ல கொண்டாந்து விட்டதே அவன்தான்.

என் தம்பிண்ணே. எனக்கு அஞ்சு வயசு இளையவன். லாண்டரி எங்க ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. வீட்டுத் துணியெல்லாம் எடுக்கறதில்ல, ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், ரெண்டு மூணு ஹோட்டல். முன்னாடி நான் ஒரு பெரிய ஹோட்டல்ல துணி துவைக்கற பிரிவுல ஏழு வருஷம் இருந்தேன். அவன் யாருக்கோ வேன் ஓட்டிட்டு இருந்தான். அந்த ஹோட்டல்ல பழைய மெஷின் ரெண்டை வித்தாங்க. நான் ஏழு வருஷம் முட்டி மோதின அதே மெஷினுங்க. எந்தப் பட்டனை ரெண்டு தடவை அமுக்கணும், எந்தக் கதவை இடுப்பால இடிச்சு மூடணும்னு எனக்குத் தெரியும். வாங்கலாமாடான்னு கேட்டேன். வாங்குக்கான்னான். அவ்வளவுதான், அந்த ரெண்டே வார்த்தையில ஆரம்பிச்ச தொழில். இப்போ மெஷின் அஞ்சு, ஆளு பதினொண்ணு.

ஆமா, துணி கலந்துராதான்னு எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க. கலக்காதுண்ணே. ஒவ்வொரு துணிக்கும் மூலையில கலர் நூல் தச்சிருப்போம். ஆஸ்பத்திரிக்கு நீலம், ஹாஸ்டலுக்குச் சிவப்பு, ஹோட்டலுங்களுக்குப் பச்சையும் மஞ்சளும். எட்டு வருஷத்துல ஒரு தலையணை உறைகூட எடம் மாறிப் போனதில்ல. அதெல்லாம் என் வேலை. வண்டி, வசூல், ஆர்டர் பிடிக்கறது அவன் வேலை. ஆர்டர் பிடிக்கறான்னா பேசிப் பிடிக்கறான்னு நினைச்சுக்காதீங்க. அவனுக்குப் பேசவே வராது. போன் அடிச்சா என் கையில திணிச்சுட்டு ஓடிருவான். சிரிச்சே ஆர்டர் வாங்கிட்டு வருவான், அப்படி ஒரு மூஞ்சி.

ஆரம்பிக்கறப்போ நாங்களும் ஒரு லாயர்கிட்டப் போனோம். அவரு இப்போ தொழிலை விட்டுட்டாரு, ஊர்லயே இல்ல. அவரு ஒரு தாள் குடுத்தாரு. முதல் வரி, கூட்டுப் பத்திரம் எழுத இவ்வளவு. ரெண்டாவது வரி, எழுதின பத்திரத்தை ரெண்டு பேரையும் உக்கார வச்சு விளக்கிச் சொல்ல ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு. அந்த ரெண்டாவது வரியைப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. எழுதி இருக்கறதைப் படிச்சுக்க எனக்குத் தெரியாதா, அதுக்கு ஒரு தண்டமான்னு நானே பேனாவை எடுத்து அந்த வரியை அடிச்சேன். அவரும், சரிம்மா உங்க இஷ்டம்னாரு. மிச்சமான காசுல மெஷினுக்கு ஒரு பெல்ட் வாங்கிப் போட்டோம். ஒன்றரை வருஷம் உழைச்சுது அந்த பெல்ட்.

படிச்சேனே. படிக்காம இல்ல. பதினாலாவது பாயிண்ட்டையும் படிச்சேன். புரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு.

என்னன்னா, ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தருக்குப் பிரியணும்னு தோணினா, பாதிப் பங்குக்கு ஒரு விலையை எழுதி அடுத்தவருக்கு நோட்டீஸ் விடலாம். நோட்டீஸ் வாங்கினவருக்கு முப்பது நாள் டைம். அந்த விலைக்கு ஒண்ணு இவரு அவரோட பங்கை வாங்கிக்கணும், இல்லன்னா தன் பங்கை அதே விலைக்கு அவருக்கே வித்துட்டுப் போயிரணும். முப்பது நாள்ல பதில் சொல்லலன்னா வித்ததா அர்த்தம். பாருங்க, கேக்கறதுக்கு எவ்வளவு நியாயமா இருக்கு. சின்னப் பிள்ளைங்க ஒரு பிஸ்கட்டை உடைச்சு, நீ எந்தத் துண்டு வேணா எடுத்துக்கோன்னு சொல்ற மாதிரி. நானும் அப்படித்தான் நினைச்சேன். விலை சொல்றவன் கையில காசு இருந்து, கேக்கறவ கையில இல்லன்னா என்ன ஆகும்னு எனக்குத் தோணல. அந்த ஒரு மணி நேரத்துல அதைத்தான் சொல்லியிருப்பாரு போல.

ஆமாண்ணே. அவன்தான் விட்டிருக்கான். இன்னைக்கு இருபத்தாறாம் நாள்.

அந்த நோட்டீஸ் வந்த அன்னைக்கு நடந்ததைச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. காலையில தபால்காரர் வந்து கையெழுத்து வேணும்னாரு. அவன் எனக்கு அஞ்சடி தள்ளி வேன்ல இருந்து மூட்டை இறக்கிட்டு இருக்கான். என்கிட்டப் பேனா இல்ல. டேய், பேனா குடுடான்னேன். சட்டைப் பையில இருந்து எடுத்துக் குடுத்தான். அந்தப் பேனாவுல கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினேன். பிரிச்சுப் படிச்சுட்டுத் திரும்பினா அவன் அடுத்த மூட்டையை இறக்கிட்டு இருக்கான். என்னடா இதுன்னேன். மூட்டையை வச்சுட்டு, லாயர் இதைப் பத்தி உன்கிட்டப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காருக்கான்னான். எதுவா இருந்தாலும் அவரு மூலமாத்தானாம். சொல்லிட்டு, நாலாம் நம்பர் மெஷின்ல தண்ணி ஒழுகுது, மெக்கானிக்குக்குப் போன் போடுக்கான்னான். நானும் போட்டேன்.

வேற என்ன பண்ணச் சொல்றீங்க? தண்ணி ஒழுகுதே.

அன்னைல இருந்து இப்படித்தான் ஓடுது. டீ குடிச்சியாக்கா, குடிச்சேண்டா. ஹாஸ்டல் துணி ரெடியாக்கா, ரெடிடா. அந்தப் பதினாலாவது பாயிண்ட்டை மட்டும் பேச முடியாது. ஒருநாள் பொறுக்க முடியாம, ஏண்டா, நான் உனக்கு என்னடா குறை வச்சேன்னு கேட்டுட்டேன். அவனுக்குக் கண்ணு கலங்கிருச்சுண்ணே. நிஜமாவே கலங்கிருச்சு. லாயர் திட்டுவாருக்கான்னான். நானே அவன் தோளைத் தட்டிக் குடுத்துட்டு வந்தேன். எங்க அம்மாகிட்டச் சொன்னா, ரெண்டு பேரும் உக்காந்து பேசித் தீத்துக்கங்கங்கறாங்க. பேசத்தானே கூடாதுங்கறான், அப்புறம் எதைத் தீக்கறது?

அவன் மாமனார் காசு போடறாருன்னு கேள்வி. ஊருக்கு வெளிய பெரிய ஷெட்டு, புது மெஷினு, புது ஆளுன்னு ஏதோ பேச்சு ஓடுது. எனக்கு எங்ககிட்ட வேலை பாக்கற வேன் டிரைவர் சொல்லித்தான் தெரியும். போட்டிருக்கற விலை என்னன்னு கேட்டீங்கன்னா, அஞ்சு மெஷினையும் காயலான் கடையில எடைக்குப் போட்டா வர்றதை விடக் கொஞ்சம் கூட. அந்த நூலுக்கு, அந்த எட்டு வருஷத்துக்கெல்லாம் விலையே இல்ல.

கடன் வாங்கலாம்ணே, அதுக்குத்தான் இந்த ஓட்டம். பேங்க்ல ஒரு ஆபீசரம்மா இருக்காங்க, நல்ல மனசு. எல்லாத்தையும் பாத்துட்டு, அவரு பங்கை நீங்க வாங்கிக்கறதுக்கு நாங்க கடன் தர்றோம், தொழில் நல்லா ஓடுதுன்னாங்க. ஆனா ஒரு லாயர் அந்தப் பத்திரத்தைப் படிச்சுப் பாத்து, இது செல்லும், இதுல வில்லங்கம் ஒண்ணும் இல்லன்னு லெட்டர் தரணும். அந்த லாயரும் இந்த ஊர்லயே ஆஃபீஸ் வச்சிருக்கணும், அது அவங்க விதி. ஒரே ஒரு லெட்டர். பத்திரம் மொத்தமே பதினோரு பக்கம். ரெண்டு மணி நேர வேலை. எண்ணூறு பெட்ஷீட், இங்கன்னா ஆயிரத்து இருநூறு. நான் ரெடியாத்தான் இருக்கேன். இன்னைக்கு ஒருத்தர் ஒத்துக்கிட்டா நாளன்னைக்குள்ள லெட்டர் கிடைக்கும், முப்பதாம் நாளுக்குள்ள பதில் போயிரும், லாண்டரி என்கிட்டயே நிக்கும். இல்லன்னா திங்கக்கிழமை காலையில இருந்து அந்த ஷெட்டுக்குள்ள நான் வெளியாளு.

ஒம்பதுல ஒண்ணு அவனோட லாயர். நோட்டீஸ்லயே பேரு இருந்துச்சு. மிச்சம் எட்டு. ஏழுக்குப் போயிட்டு வந்துட்டேன். இது எட்டாவது, என் லிஸ்ட்ல ஒம்பதாவது.

ஏழு பேருமே எடுக்க முடியாதுன்னுட்டாங்க. முதல் ஆஃபீஸ்ல ரெண்டே நிமிஷம். பேரு சொன்னேன், உள்ள போயிட்டு வந்து, சாரிம்மான்னாங்க. நான் நினைச்சேன், என் செருப்பைப் பாத்துட்டுச் சொல்றாங்க போலன்னு. அடுத்த எடத்துக்கு வேற செருப்பு போட்டுட்டுப் போனேன். அங்கயும் அதேதான். மூணாவது எடத்துல ஒரு வயசான குமாஸ்தா. நான் படியில உக்காந்து தண்ணி குடிச்சிட்டு இருந்ததைப் பாத்துட்டுக் கிட்ட வந்தாரு. நான் எதையும் சொல்லக் கூடாதும்மா, பொதுவா ஒரு விஷயம் சொல்றேன், உன்னைப் பத்தி இல்லன்னாரு. ஒரு விவகாரத்துல ஒருத்தர் வந்து தன் பக்கத்துக் கதையை ஒரு லாயர்கிட்டச் சொல்லிட்டாருன்னா, அப்புறம் அந்த லாயரை வச்சுக்கிட்டாலும் வச்சுக்கலன்னாலும், அவரு எதிராளிக்கு வேலை செய்ய முடியாதாம். ஓசியில அரை மணி நேரம் பேசினாலும் பேசினதுதானாம். சொல்லிட்டு, பொதுவாச் சொன்னேம்மான்னு திரும்பவும் சொல்லிட்டுப் போயிட்டாரு.

அப்பத்தாண்ணே எனக்குப் புரிஞ்சுது. எனக்கு முன்னாடியே எல்லா எடத்துலயும் அவன் போயி உக்காந்து தன் பக்கத்துக் கதையைச் சொல்லியிருக்கான். மிச்ச நாலு எடத்துலயும் அதேதான். போன் எடுக்கவே பயப்படறவன். ஒவ்வொரு எடத்துலயும் அரை மணி அரை மணியா என்னதான் பேசியிருப்பான்னு எனக்கு ஒரே யோசனை. என்னைப் பத்தி அவ்வளவு நேரம் பேச என்ன இருக்கு?

திருட்டுத்தனம்னு சொல்லாதீங்கண்ணே. அப்படி உடனே சொல்லிற முடியல என்னால. நாங்க எதை வாங்கினாலும் எல்லாக் கடையும் ஏறி எறங்கற ஆளுங்க. போன வருஷம் ஒரு தராசு வாங்கறதுக்கு ஆறு கடை பாத்தோம். அவனும் அந்தப் பழக்கத்துல, எந்த லாயர் மலிவு, எந்த லாயர் நல்லாப் பேசறாருன்னு பாத்துட்டு வரப் போயிருக்கலாம்ல? போன எடமெல்லாம் எனக்குக் கதவு மூடும்னு அவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? எனக்கே அந்தப் பெரியவரு சொல்லித்தானே தெரிஞ்சுது. நான் இதைத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். ராத்திரி படுத்தா ஒரு நிமிஷம் வேணும்னுதான் பண்ணியிருக்கான்னு தோணும். புரண்டு படுத்தா, சேச்சே, விலைதான் விசாரிச்சிருப்பான்னு தோணும்.

இவங்க லேட் பண்றது நல்லதாண்ணே கெட்டதா? இருபத்தஞ்சு நிமிஷம் ஆயிருச்சு. மத்த எடத்துலயெல்லாம் அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆகல. பேரு இருந்தா சட்டுன்னு கிடைச்சிரும்ல? இல்லாததைத் தேடத்தான் நேரம் ஆகும். எங்க ஷெட்டுல ஒரு துணி காணோம்னா அப்படித்தான். இருக்கும், இருக்கும். நல்லதாத்தான் இருக்கும்.

எதுக்கு இவ்வளவு நம்பிக்கைன்னா ஒரு காரணம் இருக்கு. இவங்ககிட்ட மட்டும் போக வேணாம்னு நான் அவன்கிட்டச் சொல்லியிருந்தேன்.

ஆமா, நான்தான். அதைச் சொல்லலையா உங்ககிட்ட? நாலு மாசம் முன்னாடி அவன்தான் வந்து கேட்டான். அக்கா, தொழில் பெருசாகுது, நமக்குன்னு ஒரு நல்ல லாயர் வேணும்க்கா, யார் யாரு இருக்காங்க, என்ன ஃபீஸுன்னு நீ விசாரிச்சுக் குடுக்கறியா, எனக்குத்தான் போன்ல பேச வராதேன்னான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பொறுப்பு வந்திருச்சே இவனுக்குன்னு. ரெண்டு நாள் மத்தியானம் சோறு திங்காம ஒம்பது ஆஃபீஸுக்கும் போன் போட்டேன். மொத்தத் தொகையா, மணிக்கணக்கா, ஜூனியரா சீனியரா, எல்லாத்தையும் குடைஞ்சு குடைஞ்சு கேட்டு நோட்டுல எழுதினேன். நோட்டுல கோடு போட்டு, ஒரு பக்கத்துக்கு ஒருத்தரு. அப்படித்தாண்ணே எனக்கு இதெல்லாம் மனப்பாடம். என்னால மெஷினை விட்டுட்டு வர முடியாதுடா, நீயே போயிட்டு வான்னு அவன் பேருக்கே எட்டு எடத்துல நேரமும் வாங்கிக் குடுத்தேன். செவ்வாக்கிழமை ரெண்டு, புதன்கிழமை மூணுன்னு, வேன் ரூட்டுக்குத் தோதா. நோட்டுல ரெண்டாவது ஆளுக்கு நேரா டிக் வேற அடிச்சேன், இவரு நல்ல மாதிரியாப் பேசறாரு, இவரையே வச்சுக்கலாம்டான்னு. அவரைத்தான் வச்சிருக்கான். நான் டிக் அடிச்ச ஆளு.

இந்த ஒம்பதாவதுக்கு மட்டும் நேரம் வாங்கல. இங்க உள்ள போறதுக்கே காசு, வீண் செலவு, இங்க போகாதடான்னேன். சரிக்கான்னான். விலை விசாரிக்கத்தான் போனான்னா இங்க வந்திருக்க மாட்டாண்ணே. காசு குடுத்து யாராவது விலை விசாரிப்பாங்களா? அதனால இங்க அவன் பேரு இல்லன்னா எனக்கு ரெண்டு விஷயம் தெரிஞ்சிரும். ஒண்ணு, லெட்டர் கிடைக்கும். இன்னொண்ணு... இன்னொண்ணு உங்களுக்கே தெரியும்.

உங்க மச்சான் வந்துட்டாரு போல. வாங்க, உக்காருங்க. எடம் கிடைச்சுதா? நான் இப்படி நகந்துக்கறேன்.

அந்தப் பொண்ணு வருது. கையில என்னோட ஃபாரம்தான். ரெண்டு தாள் வச்சிருக்கு.

சொல்லும்மா. இல்லம்மா, இதுக்கு முன்னாடி நான் வந்ததில்ல, இன்னைக்குத்தான் முதல் தடவை. ஆமா, எழுத்து ஒரே மாதிரிதான் இருக்கும். ரெண்டும் நான் எழுதினதுதான். நான் போன்ல விசாரிச்சப்போ நீங்க அனுப்பி வச்ச ஃபாரம் இது. மத்த ஆஃபீஸ் ஃபாரங்களோட சேத்து இதையும் என் தம்பிக்காகப் பூர்த்தி பண்ணிட்டு, அப்புறம் வேணாம்டா, கிழிச்சுப் போட்டுருன்னு குடுத்தேன். அவன் எழுத்து அவனுக்கே புரியாது, அதான் எல்லாத்தையும் நானே எழுதிக் குடுத்தேன். எப்போ வந்தான்? காசு கட்டினானா? முழுசாவா?

பரவால்லம்மா. உள்ள இருக்கற லாயரம்மாகிட்ட நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், அவங்களால எடுக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். ரசீது இந்தா. கட்டின காசைத் திருப்பித் தர்றதை மெதுவாக் குடு, அவசரமில்ல. முதல்ல அந்தத் தாளை உள்ள கொண்டுபோய் வச்சிரு. வேற ஒருத்தரோட ஃபாரத்தை நீ இப்படி வெளிய கொண்டுவந்து காட்டக் கூடாதும்மா, உன்னைத்தான் திட்டுவாங்க. போ.

அந்த ஒரு வரியைப் பாத்தீங்களாண்ணே, கீழ, கோணல் மாணலா? அது மட்டும் என் எழுத்து இல்ல. மத்ததெல்லாம் எழுதிட்டு அதை நான் காலியா விட்டிருந்தேன். எதிர்த் தரப்போட பேருன்னு கேட்டிருந்துச்சு. நமக்கு ஏதுடா எதிர்த் தரப்புன்னு கேட்டேன். நீ விடுக்கா, அதை நான் எழுதிக்கறேன்னான்.